இல்லாத காலுக்கு ஒத்தடம்

டிசம்பர் 3, செவ்வாய்

இப்படித்தான் வரும் என்று நான் ஆறு மாதத்துக்கு முன்பே சொன்னேன். மாதேசுவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த அன்றைக்கே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "குளிர் பிறக்கட்டும், இல்லாத கால் வலிக்கும் பாருங்கள்" என்று சொன்னவன் இந்தச் சென்னியப்பன். "டாக்டர்மார் ஊசி மாத்திரை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வெந்நீர்த் துண்டுக்குத்தான் வந்து நிற்பார்கள்" என்றும் சொன்னேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. இன்றைக்கு வந்து நிற்கிறார்கள்.

பெரியாஸ்பத்திரியில் உடற்பயிற்சி டாக்டர் ஜெசிந்தா மேடம் எனக்கு முறை சொல்லிக் கொடுத்தார். எனக்கே சொல்லிக் கொடுத்தார். கெட்டித் துண்டை வெந்நீரில் முக்கி, சொட்டாமல் பிழிந்து, உலர்ந்த துணி ஒன்றை இடையில் போட்டு, தொடையிலும் இடுப்பிலும் மிஞ்சிய காலிலும் வைக்க வேண்டும். இருபது நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோலைப் பார்க்க வேண்டும். "காஞ்ச சூடு மேலோட நிக்கும் ஐயா, ஈரச் சூடுதான் தசைக்குள்ள எறங்கும். தசை எளகினப்புறம் நீட்டி மடக்கணும்" என்றார். இமாசலப்பிரதேசத்தில் டீசல் உறைந்த குளிரில் பன்னிரண்டு டிரைவர்களுக்கு நான் ஒத்தடம் கொடுத்து எழுப்பிய சம்பவத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஒரு நோட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"தேதி, நேரம், எத்தன நிமிஷம், வலி பத்துக்கு எத்தன. இவ்வளவுதான். கதை வேண்டாம். பொய் மட்டும் எழுதிராதீங்க. இதப் பார்த்துத்தான் ஜனவரி ஆறாம் தேதி செயற்கைக் காலுக்கு அளவெடுக்கலாமான்னு முடிவு பண்ணுவோம்."

வலி மூன்றுக்குள் இறங்கியிருக்க வேண்டும். தோலில் புண் இருக்கக் கூடாது. தவறினால் செயற்கைக் காலுக்கு அளவெடுக்கும் அடுத்த முகாம் ஜூலையில்தான்.

இன்னொன்றும் சொன்னார். "புதுசா அடிபட்ட எடத்துல மட்டும் சூடு வெக்கவே கூடாது. ரத்தம் கூடிப் போயிரும்." அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. மின்விசிறிச் சத்தம்.

நோட்டைப் படிக்கிறவர்களுக்காக: மாதேசு என் அக்கா மகன். வயது முப்பத்திமூன்று. என் லாரியில் ஒன்பது வருடம் மாற்று டிரைவர். ஜூன் பதினொன்றாம் தேதி, மதியம் இரண்டரை மணி, கோணமடுவு வளைவு. சேலத்து ஜவ்வரிசி லோடு. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசி, திடுமெனக் குறுக்கே வந்தாள். நான் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். வண்டி புளியமரத்தில் மோதியது. அவள் பிழைத்துக்கொண்டாள். பக்கத்துப் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த மாதேசுவுக்குக் கால் போயிற்று. வேறு டிரைவராக இருந்தால் மூன்று உயிர் போயிருக்கும் என்று போலீஸ்காரரே தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் இவ்வளவு கோவையாக எழுதுவான் என்று ஜெசிந்தா மேடம் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

டிசம்பர் 4, புதன்

மதியம் 2.30. இருபது நிமிடம். வலி 8. ஒத்தடத்துக்குப் பிறகு 5.

நேரத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வலி அந்த நேரத்துக்குத்தான் வருகிறது. காலையில் சும்மா இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவும்போது மாதேசு சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பான். பிறகு கட்டிலில் போய்ப் படுத்து, போர்வையை வாயில் கடித்துக்கொள்வான்.

நான் என் முறையில் வெந்நீரில் நொச்சி இலையும் ஒரு கை கல்லுப்பும் போட்டேன். மேடம் சொல்லவில்லை, சொல்ல மறந்திருப்பார். பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு சித்தர் எனக்கு மட்டும் காதில் சொன்ன பக்குவம் அது.

மாதேசுவின் பெண்டாட்டி சம்பூர்ணம் அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு, "போன மாசம் அந்தச் சித்தர் பழனியில இருந்தாருங்களே சித்தப்பா" என்றாள்.

"சித்தர்னா ஒரே எடத்துல இருப்பாங்களா அம்மிணி."

மாதேசு வலியிலும் சிரித்தான். அதற்குத்தான் சொல்கிறேன். இந்த வீட்டில் நான் இல்லையென்றால் சிரிப்பே இருக்காது.

டிசம்பர் 5, வியாழன்

2.30. இருபது நிமிடம். 7. பிறகு 5.

டிசம்பர் 6, வெள்ளி

அதே. அரிசி அரைத்து வந்தேன். சம்பூர்ணத்தின் தையல் மிஷினுக்குப் பெல்ட் மாற்றினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

2.30. வலி 8. பிறகு 6.

இன்றைக்கு மாதேசு ஒன்று சொன்னான். நான் தொடையில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அவன் கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"மாமா, அவ வந்துட்டா."

"ஆரு?"

"அந்தப் பொம்பளதான். பச்சச் சேல. தெனமும் இந்நேரத்துக்கு வந்து கால்மாட்டுல உக்காந்துக்கறா. பாதத்த ரெண்டு கையிலயும் கெட்டியாப் புடிச்சுக்கறா. அசைக்க உடமாட்டீங்கறா."

கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தேன். மடித்த போர்வை இருந்தது. வலது பாதம் இருந்தது. இடது பக்கம் விரிப்பு மட்டும்.

"அவதான் உசுரோட போயிட்டாளே மாப்ள. நாந்தான் பார்த்தனே. கொழந்தையத் தூக்கிட்டுக் காட்டுப் பக்கம் ஓடுனா."

"ஆமாங் மாமா. நீங்க அப்பிடித்தான் சொன்னீங்க."

துண்டு ஆறிவிட்டது. மாற்ற மறந்துவிட்டேன்.

டிசம்பர் 11, புதன்

2.30. வலி 9. இன்றைக்குச் சூட்டைக் கொஞ்சம் தூக்கலாக வைத்தேன். குறைந்த சூடு கோழைகளுக்கு. நானே துண்டைப் பிழிந்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். நாற்பது வருடம் கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் துணியில்லாமல் திறந்த கை இது. அந்தக் கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

மாதேசுவும் சூடாக இருக்கிறது என்று சொல்லவில்லை. வெட்டிய இடத்தில் அவனுக்குத் தோலில் உணர்ச்சி குறைவு. அது எனக்குத் தெரியும். அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

லேசாகச் சிவந்திருக்கிறது. அவ்வளவுதான்.

டிசம்பர் 12, வியாழன்

கொப்புளம். எட்டணா அளவு.

டிசம்பர் 13, வெள்ளி

ஜெசிந்தா மேடம் கட்டைப் பிரித்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "எதுல தொட்டுப் பார்த்தீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார். உள்ளங்கையைக் காட்டினேன். சூடான தண்ணீர் டம்ளர் ஒன்றை அதில் வைத்தார். அவரால் அதைப் பிடிக்க முடியாமல் துணி சுற்றித்தான் எடுத்திருந்தார். நான் பிடித்துக்கொண்டு, மாதேசுவின் தாத்தா பாம்பு பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"உங்க கைக்குச் சூடே தெரியலைங்க ஐயா. இனிமே மணிக்கட்டுக்கு உள்பக்கம் வெச்சுப் பாருங்க."

புண் ஆறும் வரை மிஞ்சிய காலில் துண்டு வைக்கக் கூடாது. தொடையிலும் இடுப்பிலும் மட்டும். ஜனவரி ஆறுக்குள் ஆறிவிடுமா என்று சம்பூர்ணம் கேட்டாள். "பார்ப்போம்" என்றார் மேடம்.

பஸ்ஸில் திரும்பும்போது சம்பூர்ணம் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். சங்ககிரி வருவதற்குள் ஏழு கதை ஆரம்பித்தேன். ஒன்றுக்கும் 'உம்' கொட்டவில்லை. கடைசியில், "சித்தப்பா, அவரு எந்திரிச்சு நடக்கோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீங்க கொஞ்சம் பேசாம வாங்க" என்றாள்.

பேசாமல் வந்தேன். இருபத்தேழு நிமிடம்.

டிசம்பர் 15, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. வலி எண் கேட்டிருக்கிறார்கள், அதற்காக எழுதுகிறேன்.

2.30. வலி 10. மாதேசு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தான். தொடையில் வைத்தேன், கேட்கவில்லை. இடுப்பில் வைத்தேன், கேட்கவில்லை. "பாதத்துல மாமா, பாதத்துல, வெரல எல்லாம் மடக்கி நெரிக்கறா" என்றான். இல்லாத பாதம். எங்கே வைப்பது?

கையில் துண்டு ஆவி பறந்துகொண்டிருந்தது. மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. என்ன நினைத்தேனோ, வலது பாதத்துக்கு நேராக, இடது பாதம் இருக்க வேண்டிய இடத்தில், விரிப்பின் மேல் துண்டைப் போட்டுச் சுற்றிவிட்டேன். எதைச் சுற்றினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை தானாகச் சுற்றியது.

"ம்" என்றான் மாதேசு. "அங்கதான். இன்னுங் கொஞ்சம் மேல."

மேலே நகர்த்தினேன். மூச்சு விட்டான். ஐந்து நிமிடத்தில் கை தளர்ந்து, தூங்கிப் போனான். வலி 2.

துண்டு நடுவில் பாதம் போல உயர்ந்து நின்றது என்று எழுத வந்தேன். அப்படி நிற்கவில்லை. தட்டையாகத்தான் கிடந்தது. ஆனால் அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. சம்பூர்ணம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

நான் மதியம் தூங்குவதில்லை. ஜூனிலிருந்து பழக்கம் அப்படி.

டிசம்பர் 16 முதல் 19 வரை

தினமும் 2.30. தொடையில் பத்து நிமிடம், இல்லாத பாதத்தில் பத்து நிமிடம். வலி 9, 8, 8, 8. பிறகு 2 அல்லது 3. ஆனால் மறுநாள் மறுபடி முதலிலிருந்து. ஏற்றத்தில் கியர் விழாத வண்டி மாதிரி, ஏற ஏறப் பின்னுக்கே வருகிறது.

கொப்புளம் உடைந்து காய்கிறது.

டிசம்பர் 20, வெள்ளி

மேடத்திடம் இல்லாத காலுக்கு ஒத்தடம் கொடுத்ததைச் சொன்னேன். ஏளனம் செய்வார் என்று பார்த்தேன். "மூளைக்கு இன்னும் அந்தக் கால் இருக்குதுங்க. நீங்க வெக்கறத அவர் கண்ணு பாக்குது, அதனால எளகுது. செய்யுங்க" என்றார். பிறகு, "அவருக்குள்ள ஏதோ பயம் இருக்குது. அது போகாம வலி எறங்காது. என்னன்னு கேட்டுப் பாருங்க. உங்ககிட்டச் சொல்வார்" என்றார்.

எல்லா ரகசியமும் என்னிடம்தான் வரும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

துண்டு சுற்றியிருந்தது. சம்பூர்ணம் கதவருகில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ மூஞ்சி தெரியுதா மாப்ள?"

"தெரியறதில்லீங். வெயிலுக்கு எதிர்ல உக்காந்திருக்கறா. பச்சத் துணி தெரியும். மூஞ்சிகிட்ட ஒரு செவப்புக் கல்லு மின்னும், மூக்குத்தியாட்ட. அழுவறா மாமா. சத்தமில்லாம குலுங்கிக் குலுங்கி அழுவறா."

மூக்குத்தி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொன்னது சேலை, குழந்தை, தூக்குப்போசி. மூன்றுதான். காதில் கடுக்கன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எங்கள் பாட்டன் காலத்துச் சிவப்புக்கல். ராஜாவே ஒருமுறை விலைக்குக் கேட்டார். பழக்கதோஷம், அடிக்கடி தொட்டுக்கொள்வேன்.

"அவ செத்துட்டாதானுங் மாமா?" என்றான்.

"அட, பொழச்சுட்டான்னு எத்தன தடவ சொல்றது."

"நீங்க எனக்காகச் சொல்றீங்க. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா. நல்லதா இருந்தா பத்துப் பங்கு ஏத்திச் சொல்வீங்க. ஆனா அவ பொழச்சான்னு மட்டும் ஒரே வரியில சொல்றீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த சேக்க மாட்டீங்கறீங்க. ஓடுனவ எந்தூரு, கொழந்த அழுதுச்சா, திரும்பிப் பார்த்தாளா, ஒண்ணுமே இல்ல. நம்ம வண்டி அவள அடிச்சிருச்சு. நீங்க மறைக்கறீங்க."

சம்பூர்ணம் பூண்டைக் கீழே வைத்துவிட்டாள். "நானும் அப்பிடித்தான் நெனச்சங் சித்தப்பா" என்றாள். "கேக்கப் பயமா இருந்துச்சு."

ஐம்பத்தெட்டு வயதில் என் கதையை நம்பாதவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இப்படி நம்பி நான் பார்த்ததில்லை.

அந்த இடத்துக்கே போய், பச்சைச் சேலையும் வளையலும் வைத்து, பொங்கல் வைத்து, அவளிடம் காலை விட்டுவிடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்கிறான் மாதேசு. அடுத்த ஞாயிறு. "நீங்கதான் எடத்தக் காட்டோணும் மாமா. அவ நின்ன எடத்த."

டிசம்பர் 25, புதன்

2.30. 9. பிறகு 4.

சம்பூர்ணம் பச்சைச் சேலை எடுத்து வந்தாள். ஓரத்தில் மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள். நல்ல துணி. அலமாரியில் இருக்கிறது. அலமாரிப் பக்கம் எனக்கு வேலை இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

வாடகைக் கார். டிரைவர் வைத்துக்கொண்டோம். நானே ஓட்டியிருப்பேன்; கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, அதனால்தான். அந்தப் பையன் வளைவுகளில் ஹாரன் அடிக்கவே இல்லை. பின்சீட்டில் இருந்து நான்தான் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தேன்.

கோணமடுவை நெருங்கும்போது, "எடத்தக் கண்டுபுடிச்சுருவீங்களா சித்தப்பா?" என்று சம்பூர்ணம் கேட்டாள். அதற்கு அவசியமே இருக்கவில்லை. தூரத்திலேயே பச்சை தெரிந்தது.

நாங்கள் மோதிய புளியமரத்தின் அடியில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கல்லுக்கு மஞ்சள் பூசி, பச்சைச் சேலை சுற்றியிருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டுச் சேலை இருக்கும். கிளையில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் குழந்தைக்கு ஒரு சின்ன மரத்தொட்டில். கீழே எலுமிச்சம்பழம், காய்ந்ததும் புதியதுமாக, கூடை கூடையாக.

சேலை, குழந்தை, தூக்குப்போசி. ஒன்றைக்கூட விடவில்லை.

எதிரே டீக்கடை. கடைக்காரர் அவராகவே பேச ஆரம்பித்தார். நான் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டேன், வெயிலுக்காக.

"பச்சச்சேலக்காரிங்க. வைகாசிக் கடேசி, உச்சிப் பொழுது தாண்டுன நேரம். ஜவ்வரிசி லாரிக்காரன் அடிச்சுப் போட்டானுங். ரோடு முச்சூடும் ஜவ்வரிசி, ஆலங்கட்டி மழையாட்ட. பொணத்தக்கூடக் காணோம். எந்தூருப் பொண்ணுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரீல. இப்ப எந்த வண்டிக்காரனும் இங்க எறங்கிப் பழம் வெக்காமப் போறதில்லீங்."

"நீங்க பார்த்தீங்களா அண்ணா?" என்று மாதேசு கேட்டான்.

"அன்னிக்கு நான் கடைக்கு வர்லீங். ஆனா இப்ப ரெண்டு ரெண்டரைக்குக் கொலுசுச் சத்தம் கேக்கும். நானே காதாரக் கேட்டிருக்கறன்."

கொலுசு. நான் கொலுசு சொல்லவில்லை.

மணி இரண்டேகால். காற்றே இல்லை. மாதேசு ஊன்றுகோலை மரத்தில் சாய்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கல்லுக்கு முன் நின்றான். சம்பூர்ணம் சேலையைச் சுற்றினாள், வளையலை வைத்தாள். அவன் கும்பிட்டபடி பேசினான். காலைக் கேட்பான் என்று நினைத்தேன்.

"ஆத்தா, எம் மாமன் மேல கோவிச்சுக்காத. அவரு வேணும்னு பண்ணுல. தப்பு எம்மேலதான். நான் முழிச்சிட்டு இருந்திருந்தா, உன்னப் பார்த்துச் சொல்லியிருப்பன். காலு போனாப் போகுது, நீயே வெச்சுக்க. அவர மட்டும் உட்டுரு. அவருக்கு வயசாயிருச்சு. தூக்கமில்லாம எளச்சுப் போயிட்டாரு."

கும்பிட்டு முடித்து, ஊன்றுகோலைக் கேட்டான்.

ரெண்டரைக்கு வலி வந்தது. சாலையோரத்தில் கார்க் கதவைத் திறந்து வைத்து, பிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரில் துண்டை முக்கி, மணிக்கட்டில் பார்த்து, இல்லாத பாதத்துக்கு வைத்தேன். அதே இடம். அதே நேரம். கண்ணை மூடியபடி அவன், "வந்துட்டா மாமா. இங்க இன்னும் நல்லாத் தெரியறா" என்றான்.

டீக்கடைக்காரர் தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

வலி 10. இறங்கவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

10. பிறகு 9.

ஜனவரி 2, வியாழன்

தோல் ஆறிவிட்டது. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருக்கிறது. வலி மட்டும்தான் பாக்கி. இன்னும் நான்கு நாள்.

ஒத்தடம் வைத்தபடியே இன்றைக்குச் சொன்னேன். எழுதிப் பார்த்து, மனதுக்குள் ஒத்திகை பார்த்து, காலையிலிருந்து வெற்றிலைகூடப் போடாமல் சொன்னேன்.

"மாப்ள, பொம்பளன்னு ஆரும் இல்ல."

அவன் கண்ணைத் திறந்தான்.

"செத்தவளும் இல்ல, பொழச்சவளும் இல்ல. அப்பிடி ஒருத்தியே வர்ல."

சிரித்தான். பழைய சிரிப்பு.

"இது இன்னும் பெரிய கதையா இருக்குதுங்களே மாமா."

"கதையில்ல. சத்தியமாச் சொல்றன்."

"இமாசலத்துல பன்னெண்டு டிரைவரையும் சத்தியமாத்தான் எழுப்புனீங்க."

"மாதேசு."

"எம்மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. அந்தக் கல்லுகிட்ட நான் பேசுனது உங்களுக்குத் தாங்கல. எனக்குப் புரியுதுங். ஆனா பொம்பளையே இல்லீன்னா..." நிறுத்தினான். துண்டு சுற்றியிருந்த இடத்தைப் பார்த்தான். "அப்ப என்ற காலப் புடிச்சுட்டு உக்காந்து அழுவறது ஆரு?"

எனக்கு வாய் வரவில்லை. என் வாய். தார்ப்பாய்க்குக் கயிறு வேண்டாம், சென்னியப்பன் வாயே போதும் என்று லாரி ஆபீசில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வாய்.

அவன் கதவுப் பக்கம் திரும்பி, "அம்மிணி, அந்த ஆஸ்பத்திரி நோட்ட எடு" என்று சம்பூர்ணத்திடம் சொன்னான். அவள் எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"வாயில சொன்னா நான் நம்ப மாட்டங் மாமா. நீங்க எழுதுங்க. பொய் எழுதக் கூடாதுன்னு மேடம் சொல்லிக் குடுத்த நோட்டு இது. இதுல கொப்புளத்தக்கூட மறைக்காம எழுதியிருக்கறீங்க. நான் எடுத்துப் படிச்சிருக்கறன். இனிமே இதுல நீங்க என்ன எழுதறீங்களோ அத நம்பறன்."

சம்பூர்ணம் சொன்னாள்: "எட்டணா அளவுன்னு எழுதியிருந்தீங்க. அது அத்தன பெருசுதானுங் சித்தப்பா. அன்னிக்குத்தான் எனக்குக் கோவம் போச்சு."

ஜனவரி 3, வெள்ளி

எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை.

ஜனவரி 4, சனி

மை இருந்தது.

ஜனவரி 5, ஞாயிறு

மதியம் 2.30. தொடையில் பத்து நிமிடம், பாதத்தில் பத்து நிமிடம். வலி 9. நாளைக்கு அளவு. மாதேசு கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கொடுக்க வேண்டும் என்று கையை நீட்டி வைத்திருக்கிறான்.

முதலில், காலைப் பிடித்துக்கொண்டு அழுவது யார் என்று அவன் கேட்டதற்குப் பதில்.

மோதியபின் வண்டி ஓய்ந்தது. ஜவ்வரிசி கொட்டுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாதேசுவைக் கதவு வழியாக இழுத்து மரத்தடியில் கிடத்தினேன். அவனுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. இடது கால் நசுங்கியிருந்தது, ஆனால் இருந்தது. பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. சூடு கொடுத்தால் உயிர் வந்துவிடும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ரேடியேட்டர் உடைந்து வெந்நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. என் தோளில் கிடந்த பச்சைத் துண்டை அதில் நனைத்து, பிழிந்து, அந்தப் பாதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு சூடென்று இந்தக் கைக்குத் தெரியவில்லை. அசைத்தால் ரத்தம் வந்தது, அதனால் அசைய விடவில்லை. முக்கால் மணி நேரம். வெயில் எனக்குப் பின்னால் இருந்தது. அழுதேன். புது அடிக்குச் சூடு வைக்கக் கூடாதென்று ஜெசிந்தா மேடம் முதல் நாளே சொன்னார். அந்தக் கால் போனதில் என் துண்டுக்கு எவ்வளவு பங்கு என்று அவரிடம் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்கு அவர் இதைப் படிப்பார்.

நாற்பது வருடத்தில் நான் செய்யாத எத்தனையோ காரியத்தைச் செய்ததாகச் சொல்லியிருக்கிறேன். செய்த இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மற்றது இது. சைக்கிளில் வந்த இரண்டு பேர்தான் முதலில் பார்த்தார்கள். "என்னாச்சுங்?" என்று கேட்டார்கள். என் கையில் பச்சைத் துணி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பொம்பள, பச்சச் சேல" என்றேன். பிறகு குழந்தையை வைத்தேன், பாவமாக இருக்கட்டும் என்று. தூக்குப்போசி எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

மோதுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால், சாப்பிட்ட ஓட்டலில், "கண்ணு செவந்திருக்குதுங் மாமா, நான் ஓட்டட்டுங்களா" என்று நீ கேட்டாய். "உனக்குப் பால் பல்லு விழறதுக்கு முன்னால இந்த ரோட்ட நான் கண்ண மூடிட்டு ஓட்டுனவன்டா, போய்ப் படு" என்று சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

கோணமடுவில் சாலை காலியாக இருந்தது மாதேசு. குறுக்கே யாரும் வரவில்லை. நான் தூங்கிவிட்டேன்.